பினாங்கின் பாட்டுத் தெருக்கள் – 14: ஆறுமுகம் வீட்டுப் பிள்ளைகள்

1978-ஆம் ஆண்டின் கடைசியில்தான் மலேசியத் தொலைக்காட்சிக்கு வண்ணம் வந்தது. அடுத்த ஆண்டு ‘தெரிமா காசே’ என்ற மலாய் இசைத்தட்டு வெளிவந்தது. ‘நன்றி’ என்பது அதன் பொருள். அதைப் பாடியவர்களை வானொலியில் மட்டும் கேட்டவர்களுக்கு எந்தச் சந்தேகமும் எழுந்திருக்காது. அத்தனை சுத்தமான மலாய். திரையில் பார்த்தபோதுதான் வியப்பு. தலையைச் சுற்றிப் பெரிய வட்டமாய் விரிந்த ஆஃப்ரோ முடி, மினுங்கும் உடை, கறுத்த முகங்கள். டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம். அண்ணனும் தம்பியும். பினாங்குத் தமிழர்கள். குழுவின் பெயர் அலிகேட்ஸ்.

மலேசியத் தமிழரின் கலை வரலாறு என்று எழுதப்படும் கட்டுரைகளில் இந்தப் பெயர் அரிதாகவே வருகிறது. நாடகக் குழுக்கள் வருகின்றன, வானொலிக் கலைஞர்கள் வருகிறார்கள், கோயில் திருவிழா நாதஸ்வரக்காரர்கள் வருகிறார்கள். நாட்டின் எல்லா இனத்தவரும் முணுமுணுத்த பாட்டுகளைத் தந்த இரண்டு தமிழர்களுக்கு அங்கே இடம் இல்லை. அவர்கள் புகழ்பெற்றது மலாய்ப் பாட்டால் என்பதே காரணம். இது பெரிய அநியாயம் என்று நினைக்கிறேன். பினாங்கின் இசை எப்படி உருவானது என்று கடந்த பகுதிகளில் பார்த்து வந்தவர்களுக்கு, இந்தச் சகோதரர்கள் அந்த நீண்ட கதையின் நடுவில் நிற்பவர்கள் என்பது இந்தப் பகுதியின் முடிவில் விளங்கும் என நம்புகிறேன்.

அலிகேட்ஸ் ஆரம்பித்தது அறுபதுகளின் இறுதியில். அந்தப் பத்தாண்டில் ஜார்ஜ் டவுன் எப்படி ஒலித்தது என்பதைச் சொல்லாமல் அவர்கள் இசையைச் சொல்ல முடியாது.

பினாங்குத் தீவு அப்போது சுங்கவரி இல்லாத துறைமுகம். வெளிநாட்டுச் சரக்கு மலாயாவின் மற்ற ஊர்களைவிட இங்கே மலிவு. கைக்கடிகாரமும் பட்டுத்துணியும் மட்டுமா வந்தன? கிதாரும், ஒலிபெருக்கியும், இசைத்தட்டுகளும் அதே வழியில்தான் வந்தன. லண்டனில் வெளியான பாட்டு பினாங்கு ரோட்டுக் கடைக்கு வர வெகுநாள் ஆகாது. தட்டு வாங்கக் காசில்லாத வீடுகளுக்கு ரெடிஃபியூஷன் இருந்தது. கம்பி வழியாக வீட்டுக்குள் வரும் வானொலி அது. மாதச் சந்தா கட்டினால் சுவரில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டுப் போவார்கள். சீன மொழிக் கதையும் ஆங்கிலப் பாட்டும் நாள் முழுக்க அதில் ஓடும். தட்டு வாங்க முடியாத பிள்ளைகள் அந்தப் பெட்டிக்கடியில் உட்கார்ந்து பாட்டுக் கற்றார்கள்.

கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த் விமானத்தளம். பிரிட்டிஷார் ஐம்பதுகளின் பிற்பகுதியில் அதை ஆஸ்திரேலிய விமானப்படையிடம் விட்டுச் சென்றார்கள். 1988 வரை அது ஆஸ்திரேலியர் கையில் இருந்தது. அவர்களில் பலர் குடும்பத்தோடு தீவில், தஞ்சோங் பூங்கா பக்கம் குடியிருந்தார்கள். அவர்களுக்கெனவே ஒரு சிறிய வானொலியும் இயங்கியது. தெற்கே குளுகோரில் மிண்டன் பாசறை. இன்று அறிவியல் பல்கலைக்கழகம் நிற்கும் மேடு அது. பிறகு வியட்நாம் போர். போர்முனையிலிருந்து சில நாள் ஓய்வுக்காக அமெரிக்கச் சிப்பாய்கள் அனுப்பப்பட்ட ஆசிய ஊர்களின் பட்டியலில் பாங்காக், ஹாங்காங், சிங்கப்பூர் ஆகியவற்றோடு பினாங்கும் இருந்தது. சம்பளக் காசோடு வந்த அந்த இளைஞர்களுக்கு ஓட்டலும் மதுக்கடையும் வேண்டும். அங்கே பாட ஆள் வேண்டும். அவர்களில் கறுப்பின இளைஞர்களும் உண்டு. அவர்கள் கேட்டது பீட்டில்ஸ் மட்டுமல்ல; ஓடிஸ் ரெடிங், ஜேம்ஸ் பிரவுன், டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் பாட்டுகள். சோல் என்ற இசை பினாங்குப் பையன்களின் காதுக்கு வந்து சேர்ந்த வழிகளில் இது ஒன்று.

1961-இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூரில் மேடையேறியதை மலாயா, சிங்கப்பூர் இசை வரலாற்றில் ஒரு திருப்பமாகச் சொல்வார்கள். அதன் பின் தெருவுக்குத் தெரு நான்கு பேர் சேர்ந்தார்கள். மூன்று கிதார், ஒரு டிரம்ஸ். பாட்டைக் கற்கப் பள்ளிக்கூடம் ஏது? நிமிடத்துக்கு 45 சுற்று ஓட வேண்டிய தட்டை 33-இல் ஓடவிட்டால் கிதார் மெதுவாகக் கேட்கும். ஒவ்வொரு விரலசைவையும் பிடித்துவிடலாம். ஒரு தலைமுறையே இப்படித்தான் கற்றது. மலாய் இளைஞர்கள் இதே இசைக்கு மலாய்ச் சொற்களைப் போட்டுப் பாடியபோது ‘பாப் யே யே’ பிறந்தது. பீட்டில்ஸின் ‘யே யே’ கூச்சலே அதற்குப் பெயராயிற்று.

தமிழ் வீடுகளிலும் இந்தக் காற்று வீசியது. எம்.எஸ்.விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் இசையமைத்த ‘காதலிக்க நேரமில்லை’ வந்தது 1964-இல். கிதாரையும் மேற்கத்திய நடனத் தாளத்தையும் அந்தப் படத்தின் பாட்டுகள் எவ்வளவு இயல்பாக எடுத்துக்கொண்டன என்று இன்று கேட்டாலும் தெரியும். கோடம்பாக்கமும் ஜார்ஜ் டவுனும் ஒரே சமயத்தில் ஒரே திசையில் காது வைத்திருந்தன. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். சென்னையில் இந்தப் புதிய ஓசையைச் சினிமா உள்ளே இழுத்துக்கொண்டது. வெளியே நின்று தன் காலில் வாழ ஒரு பாட்டுக்குழுவுக்கு வழி இருக்கவில்லை. பினாங்கில் சினிமாத் தொழில் இல்லை. இங்கே துறைமுகமும் ஓட்டலும் விடுதியும் இருந்தன. பாடத் தெரிந்தவன் குழுவாகத்தான் பிழைக்க முடியும்.

ஆறுமுகம் வீட்டுப் பிள்ளைகள் பாட்டுக்கு வந்தது அந்தச் சூழலில். ஆங்கிலப் பாட்டுகளைப் பாடும் குழுவாகவே தொடங்கினார்கள். குழுவில் காலத்துக்குக் காலம் ஆட்கள் மாறினாலும் ஒன்று மாறவில்லை: தமிழர், சீனர், மலாய்க்காரர் என்று எல்லா வகையினரும் அதில் வாசித்தார்கள். அதை யாரும் கொள்கையாக அறிவித்துச் செய்யவில்லை. ஜார்ஜ் டவுனில் ஒரே வரிசை வீடுகளில் யார் யார் இருந்தார்களோ அவர்கள்தான் குழுவிலும் இருந்தார்கள்.

அப்போது 1969 வந்தது. மே 13 இனக்கலவரத்துக்குப் பின் அவசரகாலம், நாடாளுமன்ற முடக்கம். பினாங்குக்குத் தனியாக இன்னொரு அடி: சுங்கவரியற்ற துறைமுகம் என்ற தகுதி அதே ஆண்டில் பறிபோனது. சரக்கு குறைந்தது, கப்பல் குறைந்தது, வேலையின்மை பெருகியது. 1972-இல் பாயான் லெப்பாசில் மின்னணுத் தொழிற்சாலைகளுக்கான வரியற்ற வட்டாரம் திறக்கப்பட்டு ஊர் மீண்டும் மூச்சுவிடச் சில காலம் ஆயிற்று. பொருளாதார நூல்கள் தொழிற்சாலைகளைப் பற்றி நிறையச் சொல்கின்றன. அந்த இடைவெளியில் மேடை இழந்த இசைக்காரர்களைப் பற்றி அவற்றில் ஒரு வரியும் இல்லை. துறைமுகத்தை நம்பி வாழ்ந்த இசை அது. துறைமுகம் சுருங்கியபோது பாடகர்கள் வேறு துறைமுகம் தேட வேண்டியதாயிற்று.

அலிகேட்ஸ் ஹாங்காங் போனது எழுபதுகளில். அந்தக் காலத்து ஹாங்காங் இரவு விடுதிகள் ஆசிய இசைக்குழுக்களுக்கு ஒரு கடும் பயிற்சிக்களம். அங்கே கோலோச்சியவர்கள் பிலிப்பீன்ஸ் நாட்டு இசைக்காரர்கள். இருபதுகளின் ஷாங்காய் தொடங்கி ஆசியத் துறைமுகங்களின் நடன அரங்குகளை அவர்கள்தான் நிரப்பி வந்தார்கள். தாளைப் பார்த்து வாசிப்பார்கள், எதைக் கேட்டாலும் பாடுவார்கள், அசல் பாடகரின் குரலையே திரும்பக் கொண்டுவருவார்கள். அவர்களுக்கு அருகில் நிற்க வேண்டுமானால் அவர்களைப் போலவே உழைக்க வேண்டும்.

விடுதிக் குழுவின் வேலை எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தச் சகோதரர்களின் பிற்கால ஓசைக்கு அடித்தளம் அங்கேதான் விழுந்தது. ஒரு கச்சேரி போல இரண்டு மணி நேரம் பாடிவிட்டு வீட்டுக்குப் போகிற வேலை அல்ல அது. முக்கால் மணி நேரம் பாட்டு, கால் மணி நேரம் ஓய்வு, மறுபடி பாட்டு என்று நள்ளிரவு தாண்டியும் நீளும். வாரத்தில் ஆறு நாள். முதல் பகுதியில் சாப்பிடுகிறவர்கள் பேச்சுக்கு இடைஞ்சல் இல்லாமல் மென்மையான பாட்டுகள். இரவு ஏற ஏற ஆட்டப் பாட்டுகள். நடுவில் யாரோ ஒரு சீட்டில் பாட்டின் பெயரை எழுதி அனுப்புவார். தெரியாது என்று சொல்லக் கூடாது. புதிதாக ஒரு பாட்டு வெளியானால் வார இறுதிக்குள் அது மேடைக்கு வந்துவிட வேண்டும். ஆடுகிறவர்கள் தளத்தை விட்டு இறங்கினால் குழுவின் ஒப்பந்தமும் இறங்கிவிடும்.

இந்த வேலை குரலுக்கு இரண்டைக் கற்றுத் தருகிறது. ஒன்று, தொண்டையைச் செலவழிக்காமல் பாடுவது. ஒவ்வோர் இரவும் உயிரைக் கொடுத்துக் கத்தினால் ஒரு மாதம்கூட ஓடாது. மற்றது, கூட்டுக்குரல். ஒரே பாடகரின் குரல் அத்தனை மணி நேரமும் தாங்காது என்பதால் பாட்டைப் பங்கிட வேண்டும். ஒருவர் பாடும்போது மற்றவர்கள் மேலேயும் கீழேயும் ஸ்வரம் சேர்த்துப் பாட வேண்டும். அண்ணன் தம்பியாகப் பிறந்து ஒரே வீட்டில் பேசி வளர்ந்தவர்களுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. உயிரெழுத்தை இழுக்கும் விதமும் மூச்சு விடும் இடமும் சொல்லாமலே ஒத்துப்போகும். அமெரிக்காவின் எவர்லி சகோதரர்களிலிருந்து பீ ஜீஸ் வரை ரத்த உறவு கொண்ட குரல்கள் சேர்ந்தொலிக்கும்போது வரும் அந்த இழைவை வேறு எவராலும் முழுதாகக் கொண்டுவர முடிந்ததில்லை. டேவிட்டின் குரலில் கனம் உண்டு, லோகநாதனுடையது மெல்லியது, மேலே ஏறக் கூடியது. இரண்டும் சேரும்போது உண்டாகும் அகலம் இந்த விடுதி ஆண்டுகளில் தேறியது.

எழுபதுகளின் நடுப்பகுதியில் விடுதிகளின் ரசனையும் மாறியது. ராக் பின்னுக்குப் போனது. ஃபங்க் வந்தது, அதன்பின் டிஸ்கோ வந்தது. நான்கு அடிக்கும் பாஸ் டிரம்ஸ் விழும் அந்தத் தாளத்துக்கு ஆசியாவின் எந்த ஊர் ஆடவில்லை? 1977-இன் கடைசியில் வந்த ஒரு ஹாலிவுட் நடனப்படம் மிச்சமிருந்த ஊர்களையும் ஆட வைத்தது. கிதாரை நம்பிய குழுக்கள் கீபோர்டுக்கும் கூட்டுக்குரலுக்கும் இடம் கொடுத்தன. ஆஃப்ரோ முடியும் அந்த உலகத்தின் சின்னம்தான். அமெரிக்கக் கறுப்பின மக்களின் தன்மான அடையாளமாய்த் தொடங்கி உலகெங்கும் பரவிய அந்த முடியைப் பினாங்குத் தமிழர் இருவர் சூடிக்கொண்டது எனக்கு வெறும் நாகரிகமாகத் தெரியவில்லை. சுருண்ட முடியையும் கறுத்த நிறத்தையும் எண்ணெய் தடவிப் படிய வைத்து மறைக்கச் சொல்லித் தந்த ஒரு சமூகத்தில், அவற்றையே மேடைக்கு முன்னால் வைத்த செயல் அது.

இங்கே நாட்டுக்குள் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1971 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசியப் பண்பாட்டு மாநாடு கூடியது. இந்த வட்டாரத்து மண்ணின் மைந்தர்களின் பண்பாடே தேசியப் பண்பாட்டுக்கு மையம். பொருத்தமான பிற பண்பாட்டுக் கூறுகளைச் சேர்த்துக்கொள்ளலாம். இஸ்லாம் அதில் முக்கிய அங்கம். இந்த மூன்று கோட்பாடுகள் அங்கே வகுக்கப்பட்டன. வானொலியும் தொலைக்காட்சியும் அரசின் கையில். 1984-இல் டிவி3 வரும்வரை நாட்டில் தனியார் தொலைக்காட்சியே கிடையாது. ராக் இசையையும் நீண்ட முடியையும் ‘மஞ்சள் கலாச்சாரம்’ என்று அதிகாரிகள் கண்டித்த காலம் அது. மலேசியாவில் ஆங்கிலப் பாட்டுக்குழுவாக இருந்தால் ஓட்டலில் பாடலாம், அவ்வளவுதான். பெரிய மக்கள்திரளை எட்ட வேண்டுமென்றால் மலாய் வேண்டும்.

அலிகேட்ஸ் மலாய்க்கு வந்ததை இந்தக் கொள்கையின் விளைவாக மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. நிர்ப்பந்தம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நிர்ப்பந்தத்தால் நல்ல பாட்டு பிறப்பதில்லை. அந்தக் கணக்கை முடிக்க, அவர்கள் உண்மையில் பாடியதைக் கேட்க வேண்டும்.

முதல் மாற்றம்: அடுத்தவர் பாட்டைப் பாடிய குழு இப்போது தனக்கென்று எழுதப்பட்ட பாட்டுகளைப் பாடியது. அவற்றைத் தந்தவர்களில் மிக முக்கியமானவர் எம். நாசிர். சிங்கப்பூரில் 1957-இல் பிறந்தவர். ‘தெரிமா காசே’ வந்த ஆண்டில் அவருக்கு வயது 22. கெம்பாரா என்ற தன் குழுவோடு அவர் பெயர் வாங்கியது 1981-க்குப் பிறகு. பின்னாளில் மலாய் இசையுலகின் பெரும் படைப்பாளியாகக் கொண்டாடப்பட்டார். அந்த இளைஞரின் மெட்டுகளுக்கு முதன்முதலாகப் பெரிய மக்கள்திரளைத் தேடித் தந்த குரல்களில் இந்தத் தமிழ்ச் சகோதரர்களுடையது முன்னணியில் நிற்கிறது. மலாய் இசை ரசிகர்கள் இதை மறப்பதில்லை. நாம்தான் அறியாமல் இருக்கிறோம்.

‘ஜிகா காவ் பெர்ச்சிந்தா லாகி’ என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நீ மீண்டும் காதல்வயப்பட்டால் என்று பொருள்படும் தலைப்பு. சொற்கள் மலாய்க் காதல் கவிதையின் மென்மையான மரபில் வருகின்றன. பாடும் முறை அந்த மரபு அல்ல. அஸ்லி என்ற பழைய மலாய்ப் பாட்டுகளில் ஸ்வரத்தைச் சுற்றிச் சுற்றி வளைக்கும் ஒரு நுட்பம் உண்டு, மலாய்ப் பாடகரும் நடிகருமான பி.ரம்லியின் தலைமுறையில் அது இயல்பாக வரும். அலிகேட்ஸ் அதைத் தொடவில்லை. தமிழ்த் திரையிசையின் கமகத்தையும் அதற்குள் கொண்டுவரவில்லை. ஸ்வரத்தை நேராகப் பிடித்து, மூச்சு கலந்து, சற்றே பின்தங்கி விடுகிறார்கள். அது சோல் பாடகரின் முறை. மலாய்ச் சொல்லுக்கு அந்த முறை இவ்வளவு பொருந்தும் என்று அதற்கு முன் அவ்வளவு பேருக்குத் தெரிந்திருக்கவில்லை. உயிரெழுத்தில் முடியும் சொற்கள் மலாயில் நிறைய. இழுத்து விட வசதியான மொழி. ஹாங்காங் மேடைகளில் ஆங்கிலத்துக்குப் பழகிய தொண்டைகள் மலாயில் இன்னும் சுகமாக உட்கார்ந்தன.

‘செனியும்லா கோலாலம்பூர்’ இன்னொரு வகை. புன்னகை செய் என்று கோலாலம்பூரிடமே சொல்கிற பாட்டு. அதன் தாளம் விடியற்காலை நகரத்தை நடக்க வைக்கிறது. நகரத்தைப் பாவத்தின் இடமாகவே காட்டிய எத்தனையோ பாட்டுகளும் படங்களும் இருந்த காலத்தில், கிராமத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வேலை தேடி வந்து நகரத்தில் குடியேறிக்கொண்டிருந்த லட்சக்கணக்கான இளைஞருக்கு இது ஒரு வரவேற்பு. பினாங்குக்காரர்கள் கோலாலம்பூருக்குப் பாடினார்கள் என்பதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு மனத்தாங்கல் உண்டுதான். ஆனால் எழுபதுகளில் வேலை தேடிப் போன பினாங்குப் பிள்ளைகளும் அங்கேதானே போய்ச் சேர்ந்தார்கள்.

பிறகு ‘செகுந்தும் மாவார் மேரா செபுவா புய்சி’. ஒரு சிவப்பு ரோஜா, ஒரு கவிதை. இது வரும்போது ஆட்டத்தின் வேகம் குறைந்து, மெல்லிசை முன்னே வந்துவிட்டது. டிஸ்கோவின் தாளம் தேய்ந்தாலும் கூட்டுக்குரல் அப்படியே இருக்கிறது. அலிகேட்ஸ் ஓசையின் நிலையான பகுதி எது என்று கேட்டால் நான் இதையே சொல்வேன். கிதார் போய்க் கீபோர்டு வந்தது, ஃபங்க் போய் மெல்லிசை வந்தது, எண்பதுகளின் நடுவில் மின்னணு ஒலிகள் எல்லாவற்றையும் மூடின. அத்தனை மாற்றத்திலும் மேலே ஒரு குரல், கீழே ஒரு குரல் என்ற கட்டுமானம் அசையவில்லை.

தமிழர்கள் மலாயில் பாடியது அடிபணிதலா என்ற கேள்விக்கு வருகிறேன். பினாங்கின் வரலாறு தெரிந்தவர்கள் இதை இவ்வளவு அவசரமாகக் கேட்க மாட்டார்கள். இந்தத் தொடரின் தொடக்கத்தில் போரியாவைப் பார்த்தோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைப் படைப்பிரிவின் இந்தியச் சிப்பாய்கள் முகரம் மாதத்தில் நடத்திய ஊர்வலப் பாட்டு அதற்கு வேர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரலாறு. தலைவர் ஓரடி பாட, கூட்டம் அதைத் திரும்பப் பாடும் அந்த வடிவம் பினாங்கில் மலாய் மொழிக்கு மாறி, இன்று வேறெந்த மாநிலத்துக்கும் இல்லாத பினாங்கின் தனிக்கலையாக நிற்கிறது. அடுத்து பங்சாவான். மும்பையிலிருந்து வந்த பார்சி நாடகத்தைப் பார்த்து, 1880களில் மாமாக் புஷி என்பவர் பினாங்கில் மலாய் மொழியில் குழு அமைத்ததிலிருந்து மலாய் இசை நாடகத்தின் கதை தொடங்குகிறது. பி.ரம்லியைப் புக்கிட் மெர்தாஜாமில் பாடக் கேட்டு 1948-இல் சிங்கப்பூர்ப் படப்பிடிப்புக் கூடத்துக்கு அழைத்துப் போனவர் பி.எஸ்.ராஜ்ஹன்ஸ் என்ற இந்திய இயக்குநர்.

வெளியிலிருந்து வந்த வடிவத்தை எடுப்பது, அதை எல்லாருக்கும் பொதுவான சந்தை மொழியில் பாடுவது, கடைசியில் அது உள்ளூர்ச் சொத்தாகிவிடுவது. நூற்றைம்பது ஆண்டாகப் பினாங்கு செய்து வந்த வேலை இதுதான். அலிகேட்ஸ் எடுத்தது அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை, பாடியது மலாய், பாடியவர்கள் தமிழர். இந்த வரிசையில் அவர்கள் எங்கே விலகிப் போனார்கள்? தாய்மொழியை விட்டுவிட்டதாகச் சொல்வதும் சரியில்லை. எந்தக் கட்டத்திலும் அவர்கள் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. தேசியப் பண்பாடு என்று எல்லை வகுக்கப்பட்ட காலத்தில், மலாய் இசைத்தட்டின் உறையில் ஆறுமுகம் என்ற பெயர் அச்சாகி வீடுவீடாகப் போனது. அந்த மாநாட்டுத் தீர்மானங்களுக்கு இதைவிடக் கண்ணியமான பதிலை யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

எண்பதுகளில் கேசட் வந்து தட்டை விரட்டியது. பாட்டு லாரியிலும் டாக்சியிலும் தோட்டத்து லயத்திலும் ஓடியது. கூடவே திருட்டுக் கேசட்டும் வந்தது. இரவுச் சந்தையில் அசல் விலையில் ஒரு பகுதிக்குக் கிடைக்கும் கேசட்டால் பாடகருக்கு ஒரு காசும் போகாது. 1987-இல் புதிய பதிப்புரிமைச் சட்டம் வரும்வரை இதைத் தடுக்க வலுவான ஆயுதம் இருக்கவில்லை. வந்த பிறகும் சந்தை உடனே அடங்கவில்லை. புகழும் வருமானமும் வேறு வேறு வழியில் போன காலம். மேடைதான் சோறு போட்டது. நிறுவனங்களின் ஆண்டு விருந்து, பெரிய வீட்டுத் திருமணம், மாநில விழா. விடுதியில் பழகிய உடம்புக்கு இது புதிதல்ல.

ஆனால் புதிய பாட்டின் ஓட்டம் குறைந்தது. எண்பதுகளின் நடுவிலிருந்து இளைஞர் காது கனத்த ராக்குக்குத் திரும்பிவிட்டது. சர்ச், விங்ஸ் போன்ற மலாய்க் குழுக்கள் அரங்குகளை நிரப்பின. அவற்றின் இசைத்தட்டுகளிலும் எம். நாசிரின் கை இருந்தது என்பது சுவாரசியமான தொடர்ச்சி. அலிகேட்ஸ் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அது சரியான முடிவு என்றே எனக்குப் படுகிறது. அவர்கள் குரலின் அகலம் கனத்த கிதாரின் கீழ் நசுங்கிப் போயிருக்கும்.

2007 ஜூன் 4-ஆம் தேதி லோகநாதன் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். எல்லா மொழி நாளிதழ்களும் அந்தச் செய்தியை வெளியிட்டன. டத்தோ டேவிட் ஆறுமுகம் குழுவைக் கலைக்காமல் பாடிக்கொண்டே இருந்தார். அதற்குப் பின் நடந்த கச்சேரிகளில் மேல்குரல் வேறொருவருடையது. பாட்டுகள் அதே வரிசையில் வந்தாலும் ஓசை மாறித்தான் போயிற்று. இழந்ததை மறைக்க அவர் முயலவில்லை என்பதே அந்த மேடைகளின் மரியாதை.

அதற்கு முந்தைய ஆண்டு, 2006-இல், யோகி பியும் நட்சத்ராவும் ‘வல்லவன்’ தொகுப்போடு வந்தார்கள். மலேசியத் தமிழ் இளைஞர்கள் அமெரிக்கக் கறுப்பின இசையான ராப்பை எடுத்துத் தமிழில் பாடினார்கள். கோலாலம்பூரில் உருவான அந்த அலை சென்னை வரை போனது. ஏறத்தாழ முப்பது ஆண்டு இடைவெளியில் இரண்டு தலைமுறைத் தமிழர்கள் ஒரே கிணற்றில் இறைத்து வெவ்வேறு மொழி வயலுக்குப் பாய்ச்சினார்கள். யோகி பியைப் பற்றித் தமிழில் நிறைய எழுதப்படுகிறது, அது வேண்டியதே. முன்னோடிகளைப் பற்றியும் எழுதுவோம்.

பினாங்கின் இசையைச் சேகரிக்கும் வேலை இப்போதாவது நடக்கிறது. பால் அகஸ்டினும் ஜேம்ஸ் லாக்ஹெட்டும் சேர்ந்து 1930கள் முதல் 1960கள் வரையிலான பினாங்கு வெகுஜன இசை பற்றி 2015-இல் ஒரு பெரிய நூல் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டு கொம்தார் கோபுரத்தில் பினாங்கு இசை இல்லம் திறக்கப்பட்டது. நூல் நின்ற இடமான அறுபதுகளில்தான் நம்முடைய இந்தப் பகுதி தொடங்கியது. எழுபது, எண்பதுகளில் ஊரைவிட்டு வெளியே போய்ப் பாடியவர்களின் ஒப்பந்தங்கள், புகைப்படங்கள், ஒலிநாடாக்கள் இன்னும் வீடுகளில்தான் இருக்கின்றன. ஆங்கிலத்தில் வேலை நடக்கிறது. தமிழ்க் குடும்பங்களின் நினைவுகளைத் தமிழில் கேட்டுப் பதிவதற்கு ஆள் வேண்டும்.

அடுத்த பகுதியில் ஊருக்குள் திரும்புகிறோம். ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 2000 ஜனவரி 1-ஆம் தேதி முற்றாக நீங்கியது. 2008-இல் நகரம் யுனெஸ்கோ மரபுச்சின்னமானது. மலிவான மாடி அறைகளில் எந்த நிறுவனத்தின் துணையும் இல்லாமல் வாசித்துக்கொண்டிருந்த இளம் ராக் குழுக்களுக்கு இந்த இரண்டு தேதிகளும் என்ன செய்தன என்று பார்ப்போம்.

(தொடரும்)